வெட்டின வரி

அந்த முதல் பத்தியை அப்படியே அடிச்சிருங்கக்கா.

கோவிச்சுக்கிடாதீங்க. பக்கத்து சீட்டுக்காரி எட்டிப் பார்க்கிறாளேன்னு நினைக்காதீங்க. சாத்தூர்ல நீங்க ஏறினதுல இருந்து பார்த்துக்கிட்டுதான் வாறேன். அந்த ஒரு பத்தியையே பென்சிலால அடிக்கிறீங்க, எழுதுறீங்க, மறுபடி அடிக்கிறீங்க. கதைதானே அது? பஸ் இந்தக் குலுக்குக் குலுக்கும்போது கதை எழுதுறவளைத் தவிர வேற யாரு பென்சிலை எடுப்பா? நானும் எழுதுறவதான். செண்பகவல்லி. கோவில்பட்டி. பேரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க, பரவாயில்லை.

முதல் பத்தி எப்பவுமே நமக்காக நாம எழுதிக்கிடுறது. தொண்டையைச் செருமிக்கிடுற மாதிரி. பேச ஆரம்பிச்சப்புறம் செருமல் எதுக்கு? ரெண்டாவது பத்தியில அந்தப் பொம்பளை பானையைப் போட்டு உடைக்கிறாள்ல, அங்க இருந்து ஆரம்பிங்க. ஆங்... படிச்சுப் பாருங்க. இப்பக் கதை எந்திரிச்சு உட்காருது, பார்த்தீங்களா?

இதெல்லாம் நானாக் கத்துக்கிட்டது இல்லைக்கா. திருநெல்வேலியில கதைப் பட்டறைன்னு ஒண்ணு நடந்துச்சு, போயிருந்தேன். மதுரையில ஒரு சின்னப் பத்திரிகை நடத்துற ஆசிரியர்தான் வந்து பேசினாரு. தினமும் ஒரே நேரத்துல உட்காரு, வார்த்தை வந்தாலும் உட்காரு, வராட்டாலும் உட்காருன்னாரு. எழுதும்போது திருத்தாதே, திருத்தும்போது எழுதாதேன்னாரு. எழுதி முடிச்சதைக் கண்ணுல படாம மூடி வை, மறந்தப்புறம் எடு, வாய்விட்டுப் படி, நாக்கு தடுக்குற இடத்துல பேனாவை வைன்னாரு. எல்லாம் நல்ல புத்திதான். எனக்கு எல்லாமே பலிச்சுது. பலிச்சதுதான்க்கா வினை. மதுரை வர்ற வரைக்கும் இதை யாருகிட்டயாவது சொல்லிட்டே வரணும் போல இருக்கு. நீங்க எழுதுறவங்க. உங்களுக்குத்தான் விளங்கும்.

எனக்குச் சோலி ஒரு கிளினிக்ல, ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ற லேப்ல. காலையில குழாயில தண்ணி வர்றதுக்கு முந்தி எந்திரிச்சு உட்கார்ந்து எழுதுவேன். எங்க வீட்டுக்காரர் தவசிலிங்கம், அவுக குறட்டை ஒரு பக்கம், என் பேனா ஒரு பக்கம். அப்படி எழுதினதுதான் அந்தக் கிணத்துக் கதை. ஒருத்தி தோட்டத்துக் கிணத்துல தண்ணி எடுக்கப் போறா. படியில வழுக்கி உள்ள விழுந்திருறா. புருசன்காரன் மேல நிக்கிறான், கையில கயிறு இருக்கு. போடலை. நின்னு பார்த்துக்கிட்டே இருக்கான். அவ்வளவுதான் கதை.

முழுக்க முழுக்கக் கற்பனைக்கா. என் மண்டையில உதிச்சது.

முதல்ல எழுதினப்போ அந்தப் புருசனுக்கு அங்க அடையாளம் ஒண்ணும் கிடையாது. அனுப்பி வச்சேன். ஆசிரியர் சிவப்பு மையில எழுதித் திருப்பி அனுப்பினாரு: "உங்கள் ஆளுக்கு முகம் இல்லை. ஓர் அடையாளம் கொடுங்கள், ஒன்றே ஒன்று, மறக்க முடியாதபடி." சரின்னு கண்ணை மூடி உட்கார்ந்தேன். வந்துச்சு பாருங்க. கீழ் உதட்டோரம் ஒரு வெள்ளைப் படை, சுண்ணாம்பு ஒட்டின மாதிரி. பொண்டாட்டியைப் பேரு சொல்லிக் கூப்பிடாம "ஏ ராசாத்தி"ன்னு கூப்பிடுவான். பம்புசெட் ரூம் சுவர்ல அவளே சாணியால ஒரு மயில் வரைஞ்சு வச்சிருப்பா. இதெல்லாம் எங்க இருந்து வருதுன்னு கேட்டா நமக்குச் சொல்லத் தெரியாது, இல்லையா? வரும். நம்ம சோலி, வரும்போது கையை நீட்டுறதுதான்.

ஆசிரியர் இன்னொண்ணும் எழுதியிருந்தாரு. கதையில அவன் நிக்கிற இடத்துல நான் ஒரு வரி வச்சிருந்தேன்: "அவனுக்குக் கால் வரவில்லை. அப்படி ஒரு பயம்." அதுக்குக் கீழ கோடு போட்டு, "இது விளக்கம். வெட்டவும். ஏன் நின்றான் என்பதை வாசகர் யோசிக்கட்டும்"னு எழுதியிருந்தாரு. வெட்டினேன். வெட்டிப் படிச்சா, யம்மா! முதுகுத்தண்டுல பனிக்கட்டி வச்ச மாதிரி இருந்துச்சு. "கயிறு கையில் இருந்தது. அவன் நின்றான்." அவ்வளவுதான். வெட்டின இடத்துல கதை கத்தி மாதிரி ஆயிருச்சு. நீங்களும் செஞ்சு பாருங்க. எந்த வரி இல்லாமக் கதை நிக்காதுன்னு நினைக்கிறீங்களோ, அதை எடுத்துட்டுப் பாருங்க.

வந்துச்சு பத்திரிகையில. பாராட்டான பாராட்டு. எல்லாரும் ஒண்ணுதான் சொன்னாங்க: "கொலைகாரனை என்னமாக் காட்டிட்டீங்க!" நான் எங்க கொலைன்னு எழுதினேன்? எழுதலை. ஆனா பாராட்டும்போது குறுக்க விழுந்து மறுக்க முடியுமா, சொல்லுங்க. கதை முடியிற இடத்துல என் பேரு, படம், கோவில்பட்டியில லேப்ல வேலைன்னு எல்லாம் போட்டிருந்தாங்க.

அப்புறம்தான்க்கா அது நடந்துச்சு.

காலையில லேப்ல கூட்டம். வெறும் வயித்துல சுகர் பார்க்க வர்றவங்க எல்லாம் உட்கார்ந்திருக்காங்க. சீட்டைப் பார்த்துக் கூப்பிடுறேன்: "கொம்பையா." ஒருத்தர் வந்து உட்கார்ந்தாரு. அம்பது வயசு இருக்கும். வெள்ளை வேட்டி, கையை நீட்டினாரு. நான் முகத்தைப் பார்க்கிறதே இல்லை, நரம்பைத்தான் பார்ப்பேன். ரப்பர் பட்டையைக் கட்டி, தட்டி, ஊசியை ஏத்திட்டேன். ரத்தம் வந்துக்கிட்டிருக்கு.

"தாயி, அந்தக் கிணத்துக் கதையை எழுதினது நீங்கதானே?"

சந்தோசமா நிமிர்ந்து பார்த்தேன். நம்ம கதையைப் படிச்சவங்களை எத்தனை தடவைக்கா நேர்ல பார்க்கிறோம்? நிமிர்ந்து பார்த்தா, கீழ் உதட்டோரம் வெள்ளைப் படை.

என் கை ஊசியோட அப்படியே நின்னுருச்சு. அவர் கண்ணைச் சிமிட்டாமப் பார்க்கிறாரு. குரல் உயரலை. பக்கத்துல இருக்கிறவங்களுக்குக் கூடக் கேட்காது. "உங்களுக்கு யாரு சொன்னா?"ன்னாரு.

"என்ன?"

"என் பொண்டாட்டி கிணத்துல விழுந்ததை யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலைங்க. அது கற்பனை."

"கற்பனையில என் உதடு எப்படி வந்துச்சு தாயி?"

ஊசியை உருவிப் பஞ்சை வச்சேன். எல்லாருகிட்டயும் சொல்ற மாதிரி, "சாப்பிட்டுட்டு ஒன்றரை மணி நேரம் கழிச்சு வாங்க"ன்னு சொல்லிட்டேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடிச்சேன். நானே கூப்பிட்டுட்டேன்!

"வாறேன்"னு சொல்லிட்டுப் போனாரு.

அந்த நேரம் போன மாதிரி நேரம் என் வாழ்க்கையில போனதில்லைக்கா. எத்தனை பேருக்கு ஊசி குத்தினேன், எவளுக்கு எந்தக் கையில குத்தினேன், ஒண்ணும் ஞாபகம் இல்லை. கதவு திறக்கும்போதெல்லாம் திரும்பிப் பார்க்கிறேன். வந்தாரு. கையை நீட்டினாரு. நரம்பு எனக்குப் பிடிபடலை, ரெண்டு தடவை குத்த வேண்டியதாப் போச்சு. அவர் முகத்துல ஒரு சுளிப்புக் கூட இல்லை. எந்திரிச்சுப் போகும்போதுதான் சொன்னாரு: "என் மக படிச்சுட்டா. அவ எங்கிட்டப் பேசுறதில்லை."

அதுல இருந்து தினமும் அந்த ஆளு கண்ணுல பட்டாரு. கிளினிக்குக்கு எதிர்த்தாப்புல டீக்கடை. அங்க நிப்பாரு. டீ குடிச்ச மாதிரியும் தெரியாது, குடிக்காத மாதிரியும் தெரியாது. நான் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தா, அந்தப் பக்கம் அவரும் நடப்பாரு. கிட்ட வரமாட்டாரு. கிட்ட வந்தாக் கூடக் கத்தலாம். வராம வர்றவனை என்ன செய்யிறது?

வீட்டுக்காரருகிட்டச் சொன்னேன். "அதுக்குத்தான் சொன்னேன், சாமி கதை எழுதுன்னு. முருகன் வந்தா டீக்கடையில நிக்கப் போறாரு?"ன்னாரு. சிரிப்பா இருக்கு அவுகளுக்கு. அப்புறம் போலீஸ்ல சொல்லுவோம்னாரு. நான் வேண்டாம்னுட்டேன். என்னன்னு போய்ச் சொல்ல? நான் ஒரு கதை எழுதினேன், அதுல வர்ற ஆளு டீக்கடையில நிக்கிறான்னா?

எனக்கு உள்ளுக்குள்ள வேற பயம்க்கா. இந்த ஆளு நிசமாவே பொண்டாட்டியைக் கொன்னவனா இருந்தா? நம்ம அறியாம எழுதினது அவனுக்குக் குத்தியிருக்கு. குத்தாமலா பின்னாடியே வாறான்? கொலையைக் கண்டுபிடிச்சவளை விட்டு வைப்பானா? இப்படியே ஓடுது புத்தி. தாழ்ப்பாளைப் போட்டுட்டுப் போட்டேனான்னு மறுபடி போய்ப் பார்ப்பேன். கிணத்துல விழுற மாதிரியே கனா.

ஆனா ஒண்ணு சொல்றேன், சிரிக்காதீங்க. அந்தப் பயத்துலயும், அவர் டீ கிளாஸை எப்படிப் பிடிச்சிருக்காருன்னு என் கண்ணு பார்த்துக்கிட்டுதான் இருந்துச்சு. ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவுல, குருவிக் குஞ்சைப் பிடிக்கிற மாதிரி. அதை மறுநாள் காலையில எழுதி வச்சுக்கிட்டேன். எழுதுறவளுக்கு எதுவும் வீணாப் போகக் கூடாது, இல்லையா?

ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம். வீட்டுக்காரர் சொந்தத்துல ஒரு காதுகுத்துக்குப் போயிட்டாரு. எனக்குத் தலைவலி, போகலை. கதவைத் தட்டுற சத்தம். ஜன்னல் வழியாப் பார்த்தா கொம்பையா. கையில மஞ்சப் பை.

என் உசுரு எங்கிட்ட இல்லை. பேசாம இருந்தா போயிருவாருன்னு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். "தாயி, உள்ளதான் இருக்கீங்க. செருப்பு கிடக்கு"ன்னாரு. "நான் உள்ள வரலை. இந்தப் படியிலயே உட்கார்ந்துக்கிடுறேன். நீங்க ஜன்னல்ல இருந்தே பேசுங்க."

உட்கார்ந்தாரு. பையில இருந்து பத்திரிகையை எடுத்தாரு. மடிச்சு மடிச்சு அந்தப் பக்கமே கிழியப் போகுது. ஜன்னல் கம்பி வழியா நீட்டினாரு. நான் வாங்கலை. அவரே வச்சுக்கிட்டு, விரலை ஒவ்வொரு வார்த்தைக்குக் கீழயும் வச்சு, சத்தம் போட்டுப் படிச்சாரு. என் கதையை எனக்கே. எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஆளு, மெதுவா, மெதுவா. உதட்டுல அந்த வெள்ளை அசையுது. நான் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்.

"கயிறு கையில் இருந்தது. அவன் நின்றான்." அங்க வந்து நிறுத்திட்டாரு.

"இது சரிதான் தாயி. நான் நின்னேன்" அப்படின்னாரு.

ஒத்துக்கிடுறானே! இனி என்னை உசுரோட விடமாட்டான்னு அடுப்படிக் கதவு திறந்திருக்கான்னு திரும்பிப் பார்க்கிறேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. தெருவைப் பார்த்துக்கிட்டே பேசுறாரு.

"எனக்கு நல்லா நீச்சல் தெரியும். ஊர்ல பாதிப் பயலுகளுக்கு அந்தக் கிணத்துல நான்தான் நீச்சல் பழக்கினேன். நீச்சல் தெரியாதவனா இருந்தா ஊர் பாவம்னுட்டுப் போயிருக்கும். அவ விழுந்தா. நான் பார்த்தேன். குதின்னு மனசு சொல்லுது. கால் வரலை தாயி. மரத்துப் போச்சு. கயித்தைப் போடுன்னு சொல்லுது. கை வரலை. கத்துன்னு சொல்லுது. அதுவும் வரலை. என் கையில இருந்த கயித்தை வேற எவனோ ஓடி வந்து பிடுங்கித்தான் போட்டான். அதுக்குள்ள..." பத்திரிகையை மடிச்சு மடியில வச்சாரு. "நின்னான்னு எழுதிட்டீங்க. ஏன் நின்னான்னு எழுதலையே."

நான் சொன்னேன், "அண்ணாச்சி, முதல்ல அந்த வரி இருந்துச்சு. கால் வரலைன்னு எழுதியிருந்தேன். வெட்டிட்டேன்."

திரும்பிப் பார்த்தாரு. அந்தப் பார்வையை எப்படிச் சொல்ல. "இருந்துச்சா? ஏன் தாயி வெட்டினீங்க?"

"அது விளக்கம் அண்ணாச்சி. கதையில விளக்கம் கூடாது."

அவருக்கு அது விளங்கலை, பாவம். படிக்காத மனுசன்தானே. "இருந்ததைத் திரும்ப எழுதிக் கொடுங்க. என் மககிட்டக் காட்டணும். நான் சொன்னா நம்ப மாட்டேங்கிறா. அச்சுல வந்ததைத்தான் நம்புறா"ன்னாரு. மக பேரு இசக்கிசெல்வி. திருநெல்வேலியில நர்சிங் படிக்குது, ஹாஸ்டல்ல இருக்கு. யாரோ அந்தக் கதையைப் போன்ல அனுப்பியிருக்காங்க. அது வாசிச்சுட்டு, அப்பனுக்கு ஒரே ஒரு போன் போட்டு, "யப்பா, இது நீதானே?"ன்னு கேட்டுட்டு வச்சிருச்சாம். அதுல இருந்து எடுக்கலை, பேசலை, லீவுக்கும் வரலை.

முன்னால எழுதின காகிதம் எங்கிட்ட இல்லைக்கா. திருத்தி முடிச்சதும் பழசைக் கிழிச்சிருவேன். அது ஒரு தப்பான பழக்கம், நீங்க வச்சிருந்துக்கிடுங்க. அதனால அந்த ஜன்னல்ல உட்கார்ந்து புதுசா எழுதினேன். வேற வழி? எழுதிக் கொடுத்தாத்தான் அந்த ஆளு படியை விட்டு எந்திரிப்பாருன்னு இருந்துச்சு. லேப்ல மிஞ்சின காகிதத்துப் பின்பக்கம். நான் ஒரு வரி எழுதுவேன், கம்பி வழியா வாசிச்சுக் காட்டுவேன். "அப்படி இல்லை தாயி"ம்பாரு. "அவன் உடம்பு பயத்தால் நடுங்கியது"ன்னு எழுதினேன். "நடுங்கலை. நடுங்கியிருந்தா அசைஞ்சிருப்பேனே"ன்னாரு. அடிச்சேன். "கல்லாய்ச் சமைந்தான்." "அது என்னமோ சாமி சாபம் மாதிரி இருக்கு"ன்னாரு. அதையும் அடிச்சேன். கடைசியில அவர் வாயில வந்ததையே வச்சேன்: "மனசு குதிச்சிருச்சு. உடம்பு மேலேயே நின்னுருச்சு." அப்பத்தான் தலையை ஆட்டினாரு. வேர்வையா கண்ணீரான்னு தெரியாது, முகமெல்லாம் ஈரம். எனக்கு அப்பவும் பயம் போகலை. கதவைத் திறக்கலை. ஒரு வாய் தண்ணி கூட ஜன்னல் வழியாத்தான் கொடுத்தேன்.

அதோட விட்டாரா? "நீங்களே வந்து படிச்சுக் காட்டுங்க"ன்னுட்டாரு. மாட்டேன்னு சொல்லத் தைரியம் இல்லை. திருநெல்வேலி பஸ்ல நான் முன்னால டிரைவருக்குப் பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டேன், அவர் பின்னால. வழி பூரா பிடரியில யாரோ விரல் வைக்கிற மாதிரியே இருந்துச்சு. வழியில அவர் ஊருக்குப் பிரியிற விலக்கு வந்துச்சு. அந்த விலக்கு எனக்குப் பழக்கம்தான். எங்க மாமியார் ஊர் கோயில் கொடைக்குப் போற பஸ் அந்த ஊருக்குள்ள போய்த்தான் போகும். ஒரு வருசம் பக்கத்துல உட்கார்ந்திருந்த அம்மா அந்த ஊர் வந்ததும் ஏதோ ஒரு தோட்டத்தைக் கைகாட்டி, மயிலு, கிணறு, உதட்டுல வெள்ளை, பாவம் அவனுக்குக் காலே வரலையாம்னு என்னமோ சொல்லிக்கிட்டே வந்துச்சு. நான் அரைத் தூக்கத்துல தலையை ஆட்டிக்கிட்டு வந்தேன். பஸ்ல காதுல விழுறதெல்லாம் நமக்கு நிக்கவா செய்யுது?

ஹாஸ்டல்ல பார்க்க வர்றவங்களுக்குன்னு ஒரு வேப்பமரம், அடியில சிமெண்ட் பெஞ்சு. அந்தப் பிள்ளை வந்துச்சு. யூனிஃபார்ம் போட்டு, கொண்டை போட்டு, ஒல்லியா வெடவெடன்னு. அப்பனைப் பார்க்கலை. என்னைப் பார்த்து, "நீங்கதானா?"ன்னுச்சு. "உங்க கதையை எங்க வார்டன் கூடப் படிச்சாங்க. நல்லா எழுதியிருக்கீங்கன்னு சொன்னாங்க." அந்த நேரத்துலயும் எனக்கு அது இனிச்சுதுக்கா, பொய் சொல்லுவானேன்.

படிச்சேன். வாய்விட்டுத்தான். எத்தனையோ தடவை என் கதையை நானே வாய்விட்டுப் படிச்சிருக்கேன், நாக்கு தடுக்குற இடம் பார்க்க. அன்னைக்கு ஒவ்வொரு வார்த்தையிலயும் தடுக்குச்சு. கொம்பையா மரத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்னுக்கிட்டாரு. "மனசு குதிச்சிருச்சு. உடம்பு மேலேயே நின்னுருச்சு." படிச்சு முடிச்சேன். அந்தப் பிள்ளை காகிதத்தைப் பார்க்கலை, கீழ கிடந்த வேப்பம்பழத்தைச் செருப்பால நசுக்கிக்கிட்டே இருக்கு. எனக்கு ஒரே பயம். கத்துமா, அப்பனை அடிச்சிருமா, என்னை எதாவது சொல்லுமா? ஒண்ணும் இல்லை.

அப்புறம் மெதுவாக் கேட்டுச்சு: "யப்பா, நீ கத்தினியா?"

மரத்துக்கு அந்தப் பக்கம் இருந்து சத்தம் வந்துச்சு. "வாயைத் திறந்தேன் ஆத்தா. சத்தம் வரலை."

"எனக்கும்தான்."

கொம்பையா மரத்தைச் சுத்தி வந்தாரு. அவருக்கு விளங்கலை. எனக்கும் விளங்கலை. அந்தப் பிள்ளை சொல்லுச்சு: "நான் வாய்க்கால்ல நின்னேன். அம்மா என்னைப் பார்த்துச்சு. கத்தணும்னு தெரியும். கீழத் தோட்டத்துல ஆளுக இருக்காங்கன்னு தெரியும். எனக்குச் சத்தம் வரலை. இத்தனை வருசமா நான் கத்தாததுனாலதான் அம்மா போச்சுன்னு... இந்த அக்கா கதையைப் படிச்சப்போ, அப்பாதான் விட்டுட்டாரு, நான் இல்லைன்னு நினைச்சேன் யப்பா. அப்படி நினைச்சா ராத்திரி தூக்கம் வந்துச்சு."

சின்னப் பிள்ளைக்கா அது அப்போ. பால்பல்லு விழுகாத பிள்ளை. அதுவும் அங்க நின்னிருக்கு. அப்பனுக்குத் தெரியாது. அவர் கிணத்தை மட்டும்தான் பார்த்திருக்காரு. "நீ அங்க இருந்தியா ஆத்தா? நீ வீட்டுல இருந்தேன்னுல்ல நினைச்சேன்..." அப்படியே மண்ணுல உட்கார்ந்துட்டாரு. அந்தப் பிள்ளையும் உட்கார்ந்துச்சு. ரெண்டு பேரும் ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு, அழக் கூட இல்லை, நடுங்குறாங்க. இத்தனை வருசமா நடுங்காததை எல்லாம் சேர்த்து நடுங்குறாங்க. வாட்ச்மேன் வந்து என்னன்னு கேட்டாரு. நான்தான் சமாளிச்சு அனுப்பினேன்.

கிளம்பும்போது அந்தப் பிள்ளை என் கையைப் பிடிச்சுச்சு. கை ஐஸ் மாதிரி இருந்துச்சு. "அக்கா, நான் சொன்னதை எழுதிறாதீங்க. இது எங்க ரெண்டு பேருக்கும்தான்"னுச்சு. நான் தலையை ஆட்டினேன்.

தலையைத்தான் ஆட்டினேன். வாயால ஒண்ணும் சொல்லலை.

நீங்களே சொல்லுங்கக்கா. நீங்க எழுதுறவங்க. "எனக்கும்தான்." ஒத்தை வார்த்தை. எத்தனை வருசம் காலையில எந்திரிச்சு உட்கார்ந்தா அப்படி ஒரு கடைசி வரி கிடைக்கும்? ஊர் திரும்புற பஸ்லயே எழுதி முடிச்சுட்டேன். அவர் பின் சீட்டுல கண்ணை மூடிக் கிடக்காரு, நான் முன்னால எழுதுறேன். ஆசிரியர் மூடி வைக்கச் சொன்னாருல்ல, மூடி வச்சேன். எடுத்துப் படிச்சேன். ஒரு வார்த்தை கூட நாக்குல தடுக்கலை. இந்தத் தடவை அடையாளத்தை எல்லாம் மாத்திட்டேன். உதட்டுல படை இல்லை, புருவத்துல தழும்பு. கிணறு இல்லை, கண்மாய். நர்சிங் இல்லை, டீச்சர் டிரெய்னிங். யாருக்குத் தெரியப் போகுது? பைக்குள்ள இருக்கிற இந்தக் கவர் அதுதான். ஆசிரியர் காகிதத்துல எழுதினதைத்தான் படிப்பாரு, அதான் நேர்லயே கொடுக்கப் போறேன்.

கொம்பையா இப்பல்லாம் டீக்கடையில நிக்கிறதில்லை. ஆனா அப்பப்ப போன் பண்ணுவாரு. "நல்லா இருக்கீங்களா தாயி"ம்பாரு. அவர் முறைச்சுக்கிட்டு நின்னப்போ பயந்ததை விட, நல்லா இருக்கீங்களான்னு கேட்கும்போதுதான் எனக்குப் பயம் கூடுது. ஏன்னு தெரியலை. நான் என்ன தப்பா பண்ணிட்டேன்?

இருங்க. போன்.

...அய்யோ. அவர்தான்க்கா.

"சொல்லுங்க அண்ணாச்சி... ஆமா, பஸ்லதான்... மதுரைக்கு... சும்மா, ஒரு சோலியா... அப்படியா? எப்ப வந்துச்சு?... நல்லது அண்ணாச்சி, நல்லது... இல்லை, இல்லை, பிள்ளைகிட்டப் போனைக் கொடுக்க வேண்டாம், இங்க சிக்னல் சரியில்லை... நாளைக்கா? பார்க்கிறேன் அண்ணாச்சி... சரி... வச்சிருறேன்."

இசக்கிசெல்வி லீவுக்கு வீட்டுக்கு வந்திருக்காம். அப்பனுக்கு மீன் குழம்பு வச்சுக் கொடுத்துச்சாம். நாளைக்கு என்னையும் சாப்பிட வரணுமாம், அந்தப் பிள்ளைதான் கூப்பிடச் சொல்லுச்சாம். சந்தோசமான விசயம்தானே? எனக்கு ஏன் இப்படி வேர்க்குது? ஜன்னலைக் கொஞ்சம் திறங்கக்கா.

மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு வந்திருச்சா? அதோ, எல்லாரும் எந்திரிக்கிறாங்க.

அந்த "எனக்கும்தான்"கிற ஒத்தை வார்த்தையை வெட்டிரலாம்தான். வெட்டினா ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்லை. ஆனா வெட்டினா கதை செத்துப் போகும்க்கா. வெறும் கண்மாயும் தண்ணியும்தான் மிஞ்சும். நீங்களா இருந்தா என்ன செய்வீங்க? வெட்டுவீங்களா?

இல்லை, சொல்லாதீங்க. சொல்லிராதீங்க. உங்க முகத்தைப் பார்த்தாலே தெரியுது நீங்க என்ன சொல்லப் போறீங்கன்னு. கொஞ்சம் காலை ஒதுக்கிக்கிடுங்க. நான் இறங்கணும்.